நாலு மணிக்குத் தொட வேண்டிய செடிகள்

மேடையில் இருக்கிற இயக்குநர் அவர்களே, பேராசிரியர்களே, முன்வரிசையில் இருக்கிற எங்கள் சார் வீட்டு அக்கா அவர்களே, ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகளே, எப்போது முடியும் என்று கதவோரம் நின்று எட்டிப் பார்க்கிற என் கூட்டாளிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

'மேடையில் வீற்றிருக்கும்' என்று ஆரம்பிக்கச் சொல்லி ஒரு துண்டுத்தாள் கொடுத்தார்கள். அந்த வார்த்தை என் வாய்க்குள் நுழையவில்லை. நீங்கள் எல்லோரும் உட்கார்ந்துதான் இருக்கிறீர்கள், எனக்குத் தெரிகிறது. அது போதும்.

நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் போனவள். அதிலும் அஞ்சாம் வகுப்பில் பாதி நாள் போகவில்லை. பத்தொன்பது வருஷமாக இந்த நிறுவனத்தின் வளர்ப்பறைகளில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். எனக்கு முன்னால் பேசியவர்கள், பேராசிரியர் எழுதிய கட்டுரைகள் நூற்றுப் பதினேழு என்றார்கள். அதில் ஒன்றுகூட நான் படித்ததில்லை. ஆனால் அதில் வருகிற செடி ஒவ்வொன்றும் என் கையால் தண்ணீர் குடித்தது. அப்படியென்றால் எனக்கும் கொஞ்ச நேரம் பேச உரிமை உண்டா, இல்லையா?

எதிர்ச் சுவரில் கடிகாரம் இருக்கிறது. மூன்று முப்பத்திரண்டு. நான் அடிக்கடி அந்தப் பக்கம் பார்ப்பேன், யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். நாலு மணிக்கு நான் மூன்றாம் வளர்ப்பறைக்குள் இருக்க வேண்டும். அந்த அறைச் சாவி பத்தொன்பது வருஷமாக என் இடுப்பில் இருந்தது. இன்றைக்கு மதியம் காவலாளி வந்து வாங்கிக்கொண்டு போய் இயக்குநரிடம் கொடுத்துவிட்டார். அவர் மேல் கோபம் இல்லை, சொன்னதைச் செய்தார். நாலு மணிக்குள் அந்தச் சாவி எனக்கு வேண்டும். அதற்காகத்தான் மைக்கைப் பார்த்தாலே வியர்த்துக் கொட்டுகிற நான் இங்கே ஏறி நிற்கிறேன். இருங்க இயக்குநர் சார், இன்னும் நான் கேட்கவே இல்லை. முதலில் மனுஷனைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

மாலை போட்டு வைத்திருக்கிற சாருடைய இந்தப் படத்தைப் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்! எங்கே பிடித்தீர்கள் இந்தப் படத்தை? யார் பிடித்து உட்கார வைத்தது? பேராசிரியர், முனைவர், துறைத்தலைவர் என்று ஆயிரம் பட்டம் இருக்கலாம். இந்தக் கட்டடத்தில் அவருக்கு ஒரே பேர்தான். உலாத்தல் சார். யோசிக்க வேண்டுமென்றால் நடப்பார். கோபம் வந்தால் நடப்பார். மாணவன் ஆய்வுரை படிக்கும்போது அவனைச் சுற்றி நடப்பார். அந்தப் பிள்ளை கழுத்தைத் திருப்பித் திருப்பி, மறுநாள் தைலத்தோடு வரும். தாழ்வாரத்தின் கோடிக்குப் போனால் எப்போதும் இடது பக்கமாகத்தான் திரும்புவார். அதனால் அவருடைய செருப்பில் இடது ஓரம் மட்டும் தேய்ந்திருக்கும். "உங்க சாருக்கு வலது பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது, வீட்டுலயும் அப்படித்தான்" என்று அக்கா சொல்லுவார். சிரிக்கிறீங்களா அக்கா? சிரிங்க. அவர் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

பத்தொன்பது வருஷத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது ரெண்டே ரெண்டு தடவை. அந்த ரெண்டையும் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

அவர் என்ன வேலை செய்தார்? பெரியவர்கள் மரபணுத் தொகுதி, பரிணாமம் என்றெல்லாம் சொன்னார்கள். எனக்கு அவரே சொன்ன கணக்கு வேறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் கேட்டேன்.

"சார், நல்லா இருக்கிற செடியைக் கெடுக்கிறீங்க, அப்புறம் அது கெட்டுப்போச்சான்னு பாக்குறீங்க. இதுக்கா சம்பளம்?"

நடந்துகொண்டே சொன்னார். "இந்தச் சின்னச் செடிக்குள்ள இருபத்தேழாயிரம் வேலைக்காரங்க இருக்காங்கம்மா. அவங்கதான் மரபணு. நிறைய பேர் என்ன வேலை செய்றாங்கன்னு யாருக்கும் தெரியாது. கேட்டா சொல்லவும் மாட்டாங்க. அதனால ஒருத்தருக்கு லீவு கொடுத்து அனுப்பிடுறேன். வீட்டுல எந்த வேலை நின்னு போச்சுன்னு பாக்குறேன். சமையல் நின்னா அவர் சமையல்காரர். துணி அழுக்கா கெடந்தா அவர் வண்ணார்."

"ஒண்ணுமே நிக்கலைன்னா?"

"அங்கதான் என் தூக்கம் போகுது" என்றார்.

தூக்கம் போனது உண்மை. அறுபத்தொன்று என்று ஒரு வரிசை. ஒரே மாதிரி இரட்டைப் பிள்ளைகளாக இரண்டு மரபணு. ஒருத்தருக்கு லீவு கொடுத்தார், ஒன்றும் நடக்கவில்லை. சரி, மற்றவன் பார்த்துக்கொண்டான் என்று நினைத்தார். ரெண்டு பேருக்கும் சேர்த்து லீவு கொடுத்தார். அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை! செடி ஜம்மென்று நிற்கிறது. வேலையே செய்யாத ரெண்டு பேரை எந்தச் செடியாவது கோடி வருஷமாக வைத்துச் சோறு போடுமா? நாலு வருஷம் பார்த்தார். வெளிச்சத்தைக் கூட்டினார், குறைத்தார். குளிர வைத்தார், காய வைத்தார். ரெண்டு மாணவர்கள் வெறுத்துப்போய் வேறு தலைப்புக்கு ஓடினார்கள். தாழ்வாரத்தில் அவர் நடந்த நடைக்கு வேறு ஊருக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

அப்போதுதான் நான் பதினோரு நாள் லீவில் போனேன். என் மகளுக்குப் பிரசவம். எனக்குப் பதிலாக ஒரு மாற்றாள் வந்தார். தண்ணீரை அளந்து, தட்டின் அடியில் ஊற்றி, சட்டப்படி வேலை செய்கிற மனுஷன். திரும்பி வந்து கதவைத் திறக்கிறேன், அறுபத்தொன்று வரிசை முழுக்கப் படுத்துக் கிடக்கிறது! ரயிலில் இடம் கிடைக்காதவர்கள் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கிறது. பக்கத்துத் தட்டுச் செடிகள் எல்லாம் நேராக நிற்கின்றன. சார் அந்த மாற்றாளைப் பிடித்துத் திட்டித் தீர்த்தார். "தண்ணிய கொட்டிட்டீர், வேர் அழுகிடுச்சு!" அந்த மனுஷன் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். மாலையில் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

மறுபடி விதைத்தோம். மறுபடி நான் தண்ணீர் ஊற்றினேன். மறுபடி நின்றது!

சார் என் முன்னால் வந்து நின்றார். அவர் நின்றாலே எனக்குப் பயம்.

"நீ இருந்தா நிக்குது, நீ இல்லேன்னா படுக்குது. என்னம்மா பண்ற?"

"தண்ணி ஊத்துறேன் சார்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல சார்."

"செடியைத் தொடுறியா?"

"ஐயோ! சத்தியமா தொடலை சார்!"

பொய். கதவில் பெரிசாக எழுதி ஒட்டியிருக்கிறது, செடிகளைத் தொடக்கூடாது என்று. அதை எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்கு எனக்குப் படிப்பு உண்டு. வேலை போய்விடுமே என்ற பயத்தில் சொன்னேன். பேரப்பிள்ளை பிறந்து மூணு மாசம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலையில் சார் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார். இது முதல் தடவை. உட்கார்ந்து என்னையே பார்த்தார். ரெண்டு நாள் நான் கையைக் கட்டிப்போட்ட மாதிரி தண்ணீர் ஊற்றினேன். மூன்றாவது நாள் பேச்சு சுவாரசியத்தில் மறந்துபோனேன். "என்னடி, காலங்காத்தால மூஞ்சிய தூக்கி வெச்சிருக்கீங்க" என்று வழக்கம்போல அதுகளை வம்புக்கு இழுத்துக்கொண்டே, பிள்ளைகள் தலையைக் கோதுகிற மாதிரி தட்டுமேல் உள்ளங்கையை ஓட்டினேன். பாதி தட்டில் கை அப்படியே நின்றுவிட்டது. சார் பார்க்கிறார்.

"சார்... வேலைய விட்டு எடுத்துடாதீங்க சார்."

எழுந்தார். வாளி உருண்டு போய்ச் சுவரில் மோதியது. ஏழு அடி அந்தப் பக்கம், ஏழு அடி இந்தப் பக்கம்.

"எத்தனை நாளா?"

"வந்த நாள்ல இருந்து சார்."

"எல்லாத் தட்டையுமா?"

"ஒருத்தியைத் தொட்டு ஒருத்தியை விட்டா கோவிச்சுக்க மாட்டாளா சார்?"

நாலு வருஷம்! நாலு வருஷ வேலையை என் கை கெடுத்திருக்கிறது. வேறு யாராவது இருந்தால் என்னை என்ன செய்திருப்பார்கள்? நீங்களே சொல்லுங்கள். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, "உனக்கு லீவு கொடுத்தாத்தான் உன் வேலை என்னன்னு தெரியுது பாரு" என்றார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "தொட்டது பரவாயில்ல. தொடலைன்னு சொன்னியே, அதுதான். தப்பு நடந்தா நோட்டுல எழுது. எழுதின தப்பை நான் கழிச்சுக்குவேன். எழுதாத தப்பை நான் எங்க போய்த் தேடுவேன்?"

அன்றைக்கே சாப்பாட்டு நேரத்தில் அந்த மாற்றாள் வீட்டைத் தேடிக்கொண்டு நடந்து போனார். வாசலிலேயே மன்னிப்புக் கேட்டார். இது எந்தக் கட்டுரையிலும் இல்லை. பதினெட்டாவது நூற்றாண்டு... இல்லை இல்லை, நூற்றுப் பதினெட்டாவது கட்டுரையாக வைத்துக்கொள்ளுங்கள். பாருங்கள், மைக் என்றால் எனக்கு நாக்கு குழறுகிறது. மூன்று நாற்பத்தொன்று.

அதற்கப்புறம் பாதித் தட்டைத் தொட்டேன், பாதியை விட்டேன். தொட்டது நின்றது. தொடாதது படுத்தது. இரட்டைப் பிள்ளைகளின் வேலை தண்டை நிமிர்த்தி வைப்பது. அவர்கள் ரெண்டு பேரும் இல்லாதபோது யார் நிமிர்த்தியது? தேடினால், அதே குடும்பத்தில் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருத்தன் இருக்கிறான். படு சோம்பேறி. ஆனால் செடியை யாராவது தொட்டு ஆட்டினால் மட்டும் எழுந்து வந்து எல்லா வேலையையும் செய்வான். எங்கள் வீட்டிலும் அப்படி ஒருத்தர் உண்டு. தட்டி எழுப்பினால்தான் ஆள். அந்தக் கட்டுரையின் கடைசியில் என் பேரைப் போட்டு, செடிகளைப் பார்த்துக்கொண்ட கைகளுக்கு நன்றி என்று எழுதினார். மின்சாரக் கட்டண ரசீதுக்கு அடுத்து என் பேர் அச்சில் வந்தது அங்கேதான். அதிலிருந்து எனக்குக் கைக்காரம்மா என்று பேர் வைத்தார்.

அத்தோடு விட்டாரா? விடுகிற ஆளா அவர்! "செடியைத் தொட உலகம் முழுக்க நீயா இருக்க? காத்துதான் தொடுது. அப்போ காத்தே அடிக்காத இடத்துல வளர்ற செடிக்கு இந்த அண்ணன் எதுக்கு? அங்க அவன் என்ன ஆனான்?" இதுதான் அவரை அரித்த கேள்வி. காற்று வீசுகிற மலைமுகட்டுக்குப் போய் விதை பொறுக்கினார். பழைய ஆலை மதில் பின்னால், காற்றே நுழையாத சந்தில் போய் விதை பொறுக்கினார். சட்டைப்பை முழுக்கச் சின்னச் சின்ன உறைகள். ஒருநாள் அக்கா தெரியாமல் அந்தச் சட்டையைத் துவைத்துவிட்டார். பத்து நாள் கழித்து வீட்டுச் சாக்கடை ஓரம் வரிசையாக முளைத்ததாம். சார் அந்தச் சாக்கடை முன்னால் குனிந்து நின்று, "இது முகடா, மதிலா?" என்று கேட்டாராம். "தேடித் தேடிச் சாக்கடையைப் பாத்த முதல் மாப்பிள்ளை நம்ம வீட்டு மாப்பிள்ளைதான்" என்று அக்கா தன் அம்மாவிடம் சொன்னாராம். சரிதானே அக்கா?

மதில் பின்னால் வளர்கிற செடிகளில் அந்த அண்ணனின் மரபணு எழுத்து சிதைந்து கிடப்பதைக் கருவியில் பார்த்துவிட்டார். கூப்பிட ஆளில்லாமல், தலைமுறை தலைமுறையாக, கொஞ்சம் கொஞ்சமாக ஆள் போயே போய்விட்டான். ஆனால் எழுத்து சிதைந்தால் மட்டும் போதுமா? செடி அதைச் சொல்ல வேண்டாமா? அதற்காகத்தான் மூன்றாம் அறை. இருநூற்று நாற்பது தொட்டி. பாதி முகட்டுச் செடி, பாதி மதில் செடி. எல்லாவற்றிலும் அந்த இரட்டைப் பிள்ளைகளுக்கு லீவு. ஒவ்வொன்றிலும் பாதியை நான் தொட வேண்டும், பாதியைத் தொடக்கூடாது. காலை பத்து மணிக்கு ஒரு தடவை, மாலை நாலு மணிக்கு ஒரு தடவை. தொட்டிக்கு இருபது வருடல். தொட்டவுடன் நோட்டில் ஒரு டிக்.

இது சாருடைய கடைசிக் கேள்வி மட்டும் இல்லை. அதோ மூன்றாவது வரிசையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறாளே, நான் கண்ணாடி என்று கூப்பிடுகிற ஆராய்ச்சி மாணவி, அவளுடைய அஞ்சு வருஷமும் அந்தத் தொட்டிகளில்தான் இருக்கிறது. இப்போது காய் பிடித்து நிற்கிறது. முற்ற இன்னும் பன்னிரண்டு நாள் ஆகும். முற்றியவுடன் தொட்டி தொட்டியாக அறுத்து உறையில் போட வேண்டும். எந்தச் செடி எவ்வளவு விதை தந்தது என்று எண்ணினால்தான் கணக்கு முடியும். ஒரு நாள் தாமதித்தால் காய் வெடித்து விதை கலந்துவிடும். அப்புறம் எது யார் பிள்ளை என்று கடவுளுக்கும் தெரியாது.

நேற்று அந்தக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. புதிய கருவி வருகிறது, சனிக்கிழமைக்குள் அறையைக் காலி செய்யவும். இன்றைக்கு வியாழக்கிழமை. இன்று மதியம் சாவி போனது. மணி மூன்று நாற்பத்தேழு.

இப்போது ரெண்டாவது தடவையைச் சொல்கிறேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை. மதியம் மூன்று மணி இருக்கும். நான் மண் சலித்துக்கொண்டிருந்தேன். தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் போகிறது, வருகிறது, போகிறது. அந்தச் சத்தம் எனக்குக் கடிகாரம் மாதிரி. காதில் விழுகிறது என்பதே தெரியாது. திடீரென்று நின்றது. நின்றதுதான் கேட்டது. வெளியே ஓடினேன். தாழ்வாரக் கோடியில், இடது பக்கம் திரும்புகிற இடத்தில், சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார், உக்காந்துட்டீங்க?"

"கொஞ்சம் மூச்சு வாங்குதும்மா. நாலு மணி ஆச்சா?"

"இல்ல சார், இன்னும் நேரம் இருக்கு."

"மறந்துடாத" என்றார்.

அவ்வளவுதான். அப்புறம் கூச்சல், வண்டி, ஆஸ்பத்திரி, அக்கா ஓடி வந்தது. எல்லாம் உங்களுக்குத் தெரியும்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியும். ஒன்பது நாளாக அது என்னை உட்கார விடவில்லை, நிற்க விடவில்லை. சார் மாதிரியே நானும் வீட்டுக்குள் உலாத்துகிறேன். என் பேரன் பின்னாலேயே நடந்து வந்து கேலி பண்ணுகிறான்.

அன்றைக்கு நாலு மணிக்கு நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். செடிகளைத் தொடவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்குப் போய் நோட்டைத் திறந்தேன். செவ்வாய்க்கிழமை நாலு மணிக் கட்டம் காலியாக இருந்தது. 'மறந்துடாத' என்று அவர் கடைசியாகச் சொன்ன கட்டம். அதைக் காலியாகப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. டிக் போட்டுவிட்டேன்.

தொடவில்லை. தொட்டேன் என்று டிக் போட்டேன். அன்றைக்குத் தொட்டுவிட்டுத் தொடலை என்றேன்; இன்றைக்குத் தொடாமல் தொட்டேன் என்றேன். பத்தொன்பது வருஷம் அவரோடு இருந்து நான் கற்றுக்கொண்ட லட்சணத்தைப் பாருங்கள்!

தங்கச்சி, கண்ணாடி, என்னை அப்படிப் பாக்காத. திட்டணும்னா அப்புறம் வந்து திட்டு. நோட்டுல அந்த டிக்கை அடிச்சுட்டு, பக்கத்துல 'தொடவில்லை, கைக்காரம்மா' ன்னு நானே எழுதுறேன். ஒரு வேளை தவறினதுக்கு எவ்வளவு கழிக்கணுமோ, நீ கழிச்சுக்கோ. என்ன? கழிச்சுக்கலாமா? தலையாட்டுறா. சத்தமாச் சொல்லு, மேடைக்குக் கேக்கணும். கேட்டுச்சா சார்? "கழிச்சுக்கலாம்கா" ங்குறா.

இயக்குநர் அவர்களே! நான் இப்போது என்ன செய்துவிட்டேன் என்று எனக்குத் தெரியும். அறையை மூட உங்களுக்கு நானே ஒரு காரணம் கொடுத்துவிட்டேன். ஏற்கெனவே கெட்டுப்போன சோதனைதானே, காலி செய்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். இதை மறைத்துவிட்டுச் சாவி கேட்கலாம் என்று காலையில் இருந்து யோசித்தேன். பொய்யை வைத்துக்கொண்டு அந்த அறையைத் திறந்தால், உள்ளே போய் எந்த மூஞ்சியோடு அதுகளைத் தொடுவேன்? அதனால் சொல்லிவிட்டேன். இனி உங்கள் பாடு.

எல்லோரும் அவருடைய பணியைத் தொடர்வோம், தொடர்வோம் என்று பேசினார்கள். கைதட்டினோம். நானும் தட்டினேன். எனக்குத் தெரிந்த பணி ஒன்றே ஒன்றுதான். தொட்டிக்கு இருபது. பன்னிரண்டு நாள். காலையில் பத்து, மாலையில் நாலு. ஒரு வேளை தவறினால் தவறியது என்று எழுதுவேன். காய் முற்றினால் அறுத்து, உறையில் போட்டு, கண்ணாடி கையில் கொடுப்பேன். மதில் செடி எழுந்து நின்றதா, படுத்துக் கிடந்ததா, எவ்வளவு விதை தந்தது என்று அவள் இந்த மேடையில் நின்று சொல்லட்டும். நான் கதவோரம் நின்று கேட்கிறேன். இது சாருக்கு நான் கொடுக்கிற வாக்கு. பதின்மூன்றாவது நாள் உங்கள் கருவியை நானே தள்ளிக்கொண்டு வந்து உள்ளே வைக்கிறேன் சார். சனிக்கிழமை வரைக்கும் அதை என் தாழ்வாரத்தில் வையுங்கள், துணி போட்டு மூடிப் பார்த்துக்கொள்கிறேன். சத்தியமாகத் தொட மாட்டேன்!

சனிக்கிழமை வரைக்கும் என்றா சொன்னேன்? பன்னிரண்டு நாளும் சார். பார்த்தீர்களா, நானே உங்களுக்கு விட்டுக்கொடுக்கப் பார்க்கிறேன்.

கடைசியில் ஒரு நிமிஷம் எல்லோரும் எழுந்து மௌனமாக நிற்க வேண்டும் என்று நிகழ்ச்சிநிரலில் இருக்கிறதாம். நில்லுங்கள், நல்லதுதான். ஆனால் அசையாமல் நிற்பது அவருக்கு ஆகாத வேலை. நான் என் மௌனத்தை அங்கே போய் நடந்துகொண்டே செய்கிறேன். இருநூற்று நாற்பதில் பாதி, நூற்றிருபது தொட்டி. நேரம் பிடிக்கும்.

மூன்று ஐம்பத்து மூன்று. கடிகாரத்தைப் பாக்குறீங்க சார். நானும் அதைத்தான் பாக்குறேன். பேச வேண்டியது பேசியாச்சு. இதோ, கையை நீட்டிக்கிட்டு நிக்கிறேன்.

யோசிங்க சார். யோசிக்கணும்னா எழுந்து ரெண்டு நடை நடங்க, எங்க சார் அப்படித்தான் யோசிப்பார்.

ஐயோ, எழுந்தே வர்றீங்களே.

நன்றி சார். சூடா இருக்கு சாவி. இவ்வளவு நேரமும் கைக்குள்ளயேவா பிடிச்சிருந்தீங்க?

கண்ணாடி, எழுந்திரு, நோட்டை எடுத்துக்கோ. கதவோரம் நிக்கிறவங்க கொஞ்சம் வழி விடுங்கப்பா. நாலு மணி ஆகப்போகுது.